இந்த வயசுல எதுக்கு சார்?

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, எந்த ஊர் பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் ஆண்கள் கழிப்பறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஆண்மைக்குறைவா? நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா? மூன்று கேள்வி, கீழே ஒரு செல்போன் நம்பர். முன்பெல்லாம் வாரப் பத்திரிகைகளில் டூர் புரோகிராமே வரும். இன்ன தேதி திருச்சி, இன்ன தேதி தஞ்சாவூர், இன்ன தேதி திருவாரூர், இந்த லாட்ஜ், இத்தனாம் நம்பர் ரூம். அரசாங்க உத்தியோகத்தில் அதிகாரிகள் 'முகாம்' போடுவார்களே, அதே மாதிரி. லாட்ஜ் வைத்தியர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். என் வாசகர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த கதை, ஆபீசில் கோப்பு தொலைந்த கதை எல்லாம் எழுதினால் ரசிக்கிறீர்கள். இதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். சுளியுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சுளியுங்கள்.

முதல் கோளாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கண்ணில் புரை விழுந்தால் கண் புரை என்கிறோம். மூட்டு தேய்ந்தால் மூட்டுத் தேய்மானம். இந்த ஒரு உறுப்பில் ரத்த ஓட்டம் குறைந்தால் மட்டும் 'ஆண்மைக்குறைவு'. அதாவது ஆளே குறைந்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் பிரெஞ்சு வாத்தியார்கள் கற்றுக்கொடுத்த பாஷையும் இதில் யோக்கியமில்லை. அங்கே 'இம்ப்யுய்ஸான்ஸ்', சக்தியில்லாதவன். ஆங்கிலத்தில் 'இம்போடன்ஸ்', அதே கதை. 1992 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, இந்த வார்த்தை நோயாளியை இழிவுபடுத்துகிறது, இனி 'எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்' என்று சொல்லுங்கள் என்று சொன்னது. விறைப்புக் குறைபாடு. கேட்பதற்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு உறுப்பின் வேலையைப் பற்றிப் பேசுகிறது, மனிதனின் மதிப்பைப் பற்றிப் பேசவில்லை. இன்னொன்று, இதற்கும் மலட்டுத்தன்மைக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் போட்டுக் குழப்புவது நம் ஊர் வழக்கம். நாலு பிள்ளை பெற்றவருக்கும் விறைப்புக் குறைபாடு வரும்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் வந்தது, 66 வயதில். அதற்கு முன்பே எட்டு வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாக பி.பி. நான் போய்ப் பார்த்த ஒரு தனியார் டாக்டர், என் வயதில் பாதி இருப்பார், நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். "இந்த வயசுல எதுக்கு சார்? பேரன் பேத்தியோட சந்தோஷமா இருங்க." அவ்வளவுதான், மணி அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அது ஒழுக்கம் பற்றிய கேள்வி என்று அவர் நினைத்தார். உண்மையில் அது ரத்தக்குழாய் பற்றிய கேள்வி. இதை நம் டெல்டாக்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிறார்கள், கல்லணையில் பிரித்து விடுகிறார்கள், காவிரியிலும் வெண்ணாற்றிலும் தண்ணீர் போகிறது. தண்ணீர் குறைந்தாலோ வாய்க்கால் தூர்ந்தாலோ முதலில் காய்வது எது? தஞ்சாவூரை ஒட்டிய வயல் இல்லை. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை. உடம்பிலும் அப்படித்தான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். ஆண்குறிக்குப் போகும் குழாய் ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். கொழுப்பு படிந்து எல்லாக் குழாயும் ஒரே மாதிரி தூரும்போது, சின்னக் குழாய் முதலில் அடைபடுகிறது. இதயத்தில் வலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம், சில சமயம் ஐந்து வருடம் முன்பே இங்கே தகவல் வந்துவிடுகிறது என்று இதய மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடைமடைக்காரன் வந்து தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கிறான். அவனிடம் போய் "உனக்கு எதுக்குய்யா தண்ணி" என்று கேட்கிற அதிகாரியை என்ன சொல்வீர்கள்?

சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம். அது குழாயையும் கெடுக்கிறது, நரம்பையும் கெடுக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் குறைபாடு மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வருகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. புதுச்சேரியில் 26.3. நான்கில் ஒருவருக்கு மேல்! அதில் பாதி ஆண்கள் என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு பேசப்படாமலே கிடக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களை விசாரித்து 1994இல் ஓர் ஆய்வு வந்தது. 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தச் சிரமம். பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட்டுக்கு நவம்பரில் வரிசையில் நிற்கிறோமே, முன்னால் நிற்பவரையும் பின்னால் நிற்பவரையும் பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். 58 வயதில் அவருக்கு இது ஆரம்பித்தது. அவர் டாக்டரிடம் போகவில்லை, ரூமுக்குப் போனார். முதல் தடவை நாடி பார்த்து ஒரு சூரணம், ஒரு லேகியம். இரண்டாம் தடவை 'தங்க பஸ்பம்' சேர்த்தது. மூன்றாம் தடவை அதைவிட விசேஷம். மொத்தம் முப்பதாயிரத்துக்கு மேல் போயிற்று, பி.எஃப். பணத்திலிருந்து. சூரணம் முதல் சில நாள் வேலை செய்தது என்று அவரே என்னிடம் சொன்னார். செய்யும். மூலிகை என்று விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் மாத்திரையையே இடித்துக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கலந்தவனுக்கே தெரியாது. இந்த மனிதர் ரூமுக்குப் போன மூன்று தடவையும் அவருடைய சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை, பி.பி. பார்க்கவில்லை. 61 வயதில் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஸ்டென்ட் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது.

அவர் மனைவி பிறகு என் மனைவியிடம் பேசியது எனக்கு மறக்கவில்லை. "மூணு வருஷமா திண்ணையிலதான் படுக்கை அக்கா. கேட்டா புழுக்கம்பாரு. மார்கழியில என்ன புழுக்கம்? நான் என்ன தப்பு பண்ணுனேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்." முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. லாட்ஜில் முகம் தெரியாதவனிடம் சொல்ல வாய் வந்தது. ஏனென்றால் அவன் மட்டும்தான் வெட்கப்படாமல் கேள்வி கேட்டான். படித்த டாக்டர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் கேட்காத இடத்தில்தான் அவன் கடை போட்டிருக்கிறான்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. பிரெஞ்சுக்காரன் காரைக்காலை ஒப்படைத்துவிட்டுப் போன அதே வருஷத்துச் சட்டம். 54 நோய்கள் கொண்ட அட்டவணையே அதில் உண்டு. அந்த நோய்களுக்கு மருந்து தருகிறேன் என்று விளம்பரமே செய்யக்கூடாது. இந்தக் குறைபாடும் அதில் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. முதல் தடவை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, எழுபது வருடமாகச் சுவரில் நோட்டீசும் இருக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். முறையாகப் படித்துப் பதிவு செய்துகொண்ட சித்த மருத்துவர் வேறு, ஊருக்கு ஒரு நாள் லாட்ஜில் தங்குகிறவர் வேறு. இவரால் முதலில் கெடுவது அவருடைய பெயர்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம், இல்லாவிட்டால் தஞ்சாவூர்க்காரன் எழுதியதாகவே இருக்காது. நம் சின்ன வயதில் சிட்டுக்குருவி லேகியம். 1983இல் 'முந்தானை முடிச்சு' வந்த பிறகு முருங்கைக்காய் விற்கிற கிழவியிடம்கூட கூச்சமில்லாமல் வாங்க முடியவில்லை. இப்போது மாப்பிள்ளை சம்பா. 'நெல்' ஜெயராமன் புண்ணியத்தில் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் ஆரம்பித்து எத்தனையோ பாரம்பரிய ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. அவர் 2018இல் போய்விட்டார், அந்த நெல் நிற்கிறது, அதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாப்பிள்ளை சம்பா நல்ல அரிசி. சிவப்பரிசி, நார்ச்சத்து, கஞ்சி அருமையாக இருக்கும். ஆனால் இளவட்டக் கல் தூக்கிய மாப்பிள்ளை கதையைச் சொல்லி, 'ஆண்மைக்கு' என்று பாக்கெட்டில் அச்சடித்து இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். தூர்ந்துபோன ரத்தக்குழாயை எந்த அரிசியும் திறக்காது. சர்க்கரைக்காரர் 'இது நல்லதுதானே' என்று இரண்டு தட்டு கூடச் சாப்பிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எல்லாமே குழாய்தான் என்று சொல்லவில்லை. மனசும் உண்டு, முக்கியமாக வயது குறைந்தவர்களுக்கு. 1580இல் மோந்தேஞ் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய கட்டுரைகளில் கற்பனையின் பலத்தைப் பற்றி ஒன்று உண்டு. அந்தக் காலத்து பிரான்சில், கல்யாணத்தன்று யாராவது மந்திரம் சொல்லி ஒரு நாடாவில் முடிச்சுப் போட்டுவிட்டால் மாப்பிள்ளை செயலிழந்து போவான் என்று நம்பிக்கை. நம் ஊர் செய்வினை மாதிரி. மோந்தேஞ், இது முடிச்சு இல்லை, பயம் என்கிறார். அப்படிப் பயந்த நண்பர் ஒருவருக்குக் கிரகப் படம் பொறித்த ஒரு தங்க வில்லையைக் கொடுத்து, இப்படி இப்படிக் கட்டிக்கொள் என்று ஏதோ சடங்கு சொல்லி அனுப்பினாராம். வேலை முடிந்தது. தாயத்து கட்டிக் குணமாக்குவதை அந்தச் சாமர்த்தியக்காரர் அப்போதே புரிந்துகொண்டிருக்கிறார். பின்னாளில் நம் ஊரில் டாக்டர் மாத்ருபூதம் விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இதையே தாயத்து இல்லாமல் செய்தார். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

மனசா உடம்பா என்று பிரித்துப் பார்க்க டாக்டர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது. தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, மனசைப் பார்க்கலாம். அதுவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும்.

நான் இரண்டாவதாகப் போன டாக்டர் இதைத்தான் முதலில் கேட்டார். அப்புறம் என் மாத்திரைச் சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். பி.பி.க்குச் சாப்பிட்ட ஒரு மாத்திரை இந்தச் சிரமத்தைக் கூட்டக்கூடிய ரகம் என்று சொல்லி வேறு மாற்றிக் கொடுத்தார். (நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். டாக்டர்தான் மாற்ற வேண்டும்.) மூன்று மாத சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, இ.சி.ஜி., காலை வேளையில் எடுக்கும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை. தினமும் முக்கால் மணி நேரம் நடை. கல்லணைக் கால்வாய்க் கரையில் நடந்தேன். "ரெண்டு மாடி ஏறினா நெஞ்சு வலிக்குதா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் தாம்பத்தியத்தை இதயம் தாங்கும் என்றார். மாத்திரை கடைசியில்தான் வந்தது.

அந்த மாத்திரையைப் பற்றி. இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனி நெஞ்சுவலிக்காகச் சோதித்துக்கொண்டிருந்த மருந்து. நெஞ்சுவலிக்குப் பிரமாதமாக ஒன்றும் செய்யவில்லை, வேறு வேலை செய்தது. 1998 மார்ச் 27இல் அமெரிக்காவில் 'வயாகரா' என்று அனுமதி கிடைத்தது. மருந்தின் பெயர் சில்டெனாஃபில். இது ஆசையை உண்டாக்காது. ஆசை இருந்தால் நரம்பு முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, குழாய் தளர்கிறது, ரத்தம் உள்ளே வருகிறது. வந்த ரத்தம் வெளியேறும் வழிகளை அழுத்தி மூடிக்கொள்கிறது. மதகைத் திறந்து வடிகாலை அடைப்பது போல. அந்தத் தளர்ச்சியைச் சீக்கிரம் கலைத்துவிடும் ஒரு நொதியைத்தான் மாத்திரை தடுக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு அதே 1998இல் நோபல் பரிசும் கிடைத்தது. சில்டெனாஃபிலை ஒரு மணி நேரம் முன்பு, நெய்ப் பொங்கலும் பிரியாணியும் இல்லாத வயிற்றில் சாப்பிட வேண்டும். நாலைந்து மணி நேரம் பலன். டடாலாஃபில் என்று இன்னொன்று, 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். அதையே சின்ன அளவில் தினமும் கொடுத்தால் பிராஸ்டேட் வீக்கத்துக்கும் உதவுகிறது. இப்போது இந்தியக் கம்பெனிகளே செய்வதால் விலை பயமில்லை. தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, சிலருக்கு கொஞ்ச நேரம் நீலமாகத் தெரிவது, இவை வரும் போகும். நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காமல் இருந்தால் வெட்கம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைத்துக்கொள்பவர்கள், அந்த நைட்ரேட் வகை மருந்து எதைச் சாப்பிடுபவர்களும் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்கு இறங்கும், உயிர் போகும். மாத்திரை சாப்பிட்ட பிறகு நெஞ்சு வலித்தால், அதைச் சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சில்டெனாஃபில் என்றால் ஒரு நாள், டடாலாஃபில் என்றால் இரண்டு நாள் நைட்ரேட் கொடுக்க மாட்டார்கள், வேறு மருந்து கொடுப்பார்கள். மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் பதில் சொல்லப்போவது அவர்தான். பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும், தலை சுற்றி விழ வாய்ப்பு உண்டு. மெடிக்கல் ஷாப் பையன் சீட்டில்லாமல் கொடுக்கிறானே என்றால், அவனுக்கு உங்கள் இதயத்தைத் தெரியாது.

மாத்திரை கேட்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. பாரிஸில் ரொனால்ட் விராக் என்ற அறுவை மருத்துவர் பாப்பவரின் மருந்தை அந்த இடத்திலேயே ஊசியாகப் போட்டால் விறைப்பு வருவதை 1982இல் லான்செட் இதழில் எழுதினார். அடுத்த வருடம் லாஸ் வேகாஸ் மாநாட்டில் பிரிட்டன் பேராசிரியர் ஜைல்ஸ் பிரிண்ட்லி தனக்கே ஊசி போட்டுக்கொண்டு மேடை ஏறி, டாக்டர்கள் முன்னால் வேட்டியை, மன்னிக்கவும், பேன்ட்டை இறக்கிக் காண்பித்துவிட்டார். முன்வரிசையில் சில டாக்டர்களின் மனைவிமார்களும் உட்கார்ந்திருந்தார்களாம். ஆனால் அந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் இதை உடம்பு நோயாக ஒத்துக்கொண்டது. ஊசியை டாக்டர் சொல்லிக்கொடுத்துத் தானே போட்டுக்கொள்ளலாம். மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு உறிஞ்சும் பம்பு உண்டு, ரப்பர் வளையத்தோடு. வளையத்தை அரை மணிக்கு மேல் வைக்கக் கூடாது. எதுவும் உதவாவிட்டால் உள்ளே பொருத்தும் சாதனம், அறுவை சிகிச்சை. ஹார்மோன் ஊசி, பரிசோதனையில் குறைவு என்று வந்தவர்களுக்கு மட்டும்தான், எல்லோருக்கும் இல்லை. இதற்கெல்லாம் போக வேண்டியது யூராலஜி டாக்டரிடம். புதுச்சேரி ஜிப்மரில் அந்தத் துறை இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டியதுதான்.

ஒன்றும் வேண்டாம், எங்களுக்கு இப்படியே போதும் என்று ஒரு தம்பதி முடிவு செய்தால் அதுவும் சரிதான். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அது இருவரும் பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும், திண்ணையில் போய்ப் படுத்து எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. அப்போதும் சர்க்கரை, பி.பி., இ.சி.ஜி. பார்த்தே ஆக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருவது பெரும்பாலும் நம் தெருப் பெண். நல்ல திட்டம், நல்ல பெண்கள். ஆனால் எந்தக் கிழவனும் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல மாட்டான், சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில், எங்கெல்லாம் சர்க்கரை, பி.பி. நோயாளிக்குச் சீட்டு எழுதுகிறார்களோ அங்கெல்லாம், கால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்று கேட்கும் வரிசையில் 'தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா?' என்று ஒரு வரி சேர்க்கட்டும். வாயால்கூடச் சொல்ல வேண்டாம், ஆம் இல்லை என்று ஒரு டிக். முப்பத்தெட்டு வருடம் படிவம் நிரப்பியவன் சொல்கிறேன், எந்த அரசாங்கப் படிவத்திலும் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கும்.